வானியல் ஒளிப்படக்கலையை ஆயுள் முழுக்கத் தொடரும் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்குவது? முதலில் டெலஸ்கோப் வாங்க வேண்டுமா?

டெலஸ்கோப் இப்போதைக்கு வேண்டாம். மேனுவல் மோடும் ரா ஃபைலும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) உள்ள கேமரா, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஆட்டம் காணாத ட்ரைபாட், தானாகப் படமெடுத்துக்கொண்டே போக ஓர் இன்டர்வெலோமீட்டர். தொடங்க இவ்வளவு போதும். நிலா இல்லாத இரவாகப் பார்த்து ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் வாயு, தூசி மேகமான ஓரியன் நெபுலாவில் ஆரம்பியுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவிலேயே தெரியும், பிரகாசமும் அதிகம்.

முதல் படங்கள் பெரும்பாலும் கெடுவது ஃபோகஸில்தான். லென்ஸில் போட்டிருக்கும் இன்ஃபினிட்டி குறியை நம்பாதீர்கள். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தை 10 மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். புள்ளி சிறுத்துக்கொண்டே வந்து, ஓரிடம் தாண்டியதும் மறுபடி ஊதத் தொடங்கும். மிகச் சிறியதாக இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும். அரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

எக்ஸ்போஷருக்கு (ஒரு படத்துக்கு ஒளியை உள்ளே விடும் நேரம்) '500 விதி' என்று ஒன்று சொல்வார்கள்: 500ஐக் குவியத் தொலைவால் வகுத்தால், நட்சத்திரம் கோடாக இழுபடாத நொடிகள் கிடைக்கும். ஃபிலிம் காலத்துக்கு அது சரி. 1.5 கிராப் சென்சாரில் (ஃபிலிமைவிட 1.5 மடங்கு சிறியது) 50 மி.மீ. லென்ஸை 75 என்று கொள்ள வேண்டும், கணக்குப்படி 6 நொடி சொச்சம் வரும். இன்றைய சிறிய பிக்சல்களில் அதுவும் இழுபடும். பாதியாக்கி 3 நொடி வையுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600. எஃப்/1.8 வரை திறந்தால் ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கும்.

தனிப்படத்தில் அதிகம் தெரியாது. 200 படங்களாவது எடுத்து ஸ்டாக் செய்யுங்கள், அதாவது மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுங்கள். நாய்ஸ் (படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் இரைச்சல்), படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 100 படங்களின் சராசரியில் அது பத்தில் ஒரு பங்காகிவிடும். வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெபுலாவை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முடிந்த கையோடு, கேமராவின் சூடு மாறுவதற்குள், லென்ஸ் மூடியைப் போட்டு அதே செட்டிங்கில் 20, 30 டார்க் ஃப்ரேம் (சென்சார் தானாகச் சேர்க்கும் கறையைப் பிறகு கழிக்க எடுக்கும் இருட்டுப் படம்). பிறகு ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் தொடாமல், லென்ஸ் மேல் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, சீரான வெளிச்சத்தில் அதே எண்ணிக்கையில் ஃப்ளாட் ஃப்ரேம். சோம்பல்பட்டுப் பலர் விடுவது இதைத்தான். விட்டால், ஓர இருட்டும் சென்சார் தூசியும் மங்கலான பகுதிகள் தெரியப் படத்தைப் பிரகாசமாக்கி ஸ்ட்ரெட்ச் செய்யும்போது பூதாகரமாக வெளியே வரும். ஸ்டாக் செய்ய சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம்.

அடுத்த செலவும் டெலஸ்கோப் அல்ல, மவுன்ட் (கேமராவைத் தாங்கி, வானத்தோடு திருப்பும் கருவி). சுழலும் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்திய ஸ்டார் ட்ராக்கர் இருந்தால், இதே லென்ஸில் 3 நொடி 1, 2 நிமிடமாகும். மேல்-கீழ், இடம்-வலம் என்று மட்டும் திரும்பும் ஆல்ட்-அஸிமத் மவுன்ட் மலிவுதான். ஆனால் அது நட்சத்திரத்தைத் தொடரும்போதே படம் மெல்லச் சுழலும். நீண்ட எக்ஸ்போஷரில் ஓரத்து நட்சத்திரங்கள் வில்லாக வளைந்துவிடும். எதை வாங்கினாலும், தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

ரா ஃபைல் எதையும் அழிக்க வேண்டாம், அந்தந்த இரவின் டார்க், ஃப்ளாட்டோடு தேதி போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நெபுலாவை எடுக்கும்போது இவற்றையும் சேர்த்தே ஸ்டாக் செய்யலாம்.