முதல் செய்நிரல் மொழி எது? யாழ்ப்பாண மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (உயர்தர மாணவி, சுன்னாகம்): அண்ணை, ஐ.சி.ரி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப) பாடத்தில் பைதன் என்ற செய்நிரல் மொழி, அதாவது கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி, இருக்கிறது. கம்பஸ் போனால் ஜாவா என்ற இன்னொரு மொழி வேண்டுமாம். இப்போதே ஜாவாவில் தொடங்கவா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, பைதனிலேயே நில்லுங்கள். திரையில் 'வணக்கம்' காட்டப் பைதனில் ஒரு வரி போதும். ஜாவாவில் வழக்கமாக அதற்கே ஒரு கிளாஸ், அதற்குள் மெயின் என்று, விளங்காத சொற்களைப் பாடமாக்கித்தான் எழுத வேண்டியிருக்கும். முதல் நாளே பாடமாக்கப் பழகுவது எனக்குப் பிடிக்காது. யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு ஜாவா பிறகு தானாக வரும்.

கேள்வி (தாய், மானிப்பாய்): மகனுக்கு 10 வயது. என்ன பழக்கலாம்?

பதில்: ஸ்கிராட்ச், அக்கா. சிறுவர்களுக்கான செய்நிரல் மொழி அது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்டது, இலவசம். திரையில் உள்ள கட்டளைக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும். ரியூசன் தேவையில்லை, விளையாட விடுங்கள்.

கேள்வி (முதலாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி): பைதன் மட்டும் படித்தால் கணினிக்குள் நடப்பது தெரியாது. சி மொழிதானே சரி?

பதில்: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மறை எண்களையும் கொள்ளும் 32 பிட் (0 அல்லது 1 வைக்கும் 32 இடங்கள்) முழுஎண்ணில் 2147483647தான் உச்சம். சி-யில் அதோடு ஒன்றைக் கூட்டினால் இடம் கொள்ளாது. பைதன் தானாகவே இடத்தைப் பெருப்பித்துவிடும், நமக்குத் தெரியவும் வராது. 1972 அளவில் டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய சி, யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதப் பயன்பட்ட மொழி. நினைவகத்தை அறிய அதைவிட நல்ல மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அது இரண்டாவது மொழியாக இருக்கட்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் லூப்பே விளங்காதவரிடம், நினைவக இடத்தைச் சுட்டும் பொயின்ரரைக் கொடுத்தால் பயந்துவிடுவார்.

கேள்வி (உயர்தர மாணவர், சாவகச்சேரி): மடிக்கணினி இல்லை, போன் மட்டும்தான். பைதனில் 1 முதல் 5 வரை கூட்ட, எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 5) போட்டேன். 15 வரவேண்டும், 10 வருகிறது. மொழி மாற்றலாமா?

பதில்: தம்பி, எந்த மொழிக்குப் போனாலும் பிழை தேடும் வேலை கூடவே வரும். கொப்பியில் மேலிருந்து கீழாக இரண்டு வரிசை கீறுங்கள்: ஒன்று எண், மற்றது மொத்தம். லூப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இரண்டையும் திரையில் காட்டச் சொல்லி, வருவதை எழுதுங்கள். 1க்கு 1, 2க்கு 3, 3க்கு 6, 4க்கு 10. அவ்வளவுதான், 5 வரவே இல்லை! ரேஞ்ச் கடைசி எண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும், ஆகவே 6 என்று கொடுக்க வேண்டும். போனும் கொப்பியும் இதற்குத் தாராளம். அடுத்ததாக இரட்டை எண்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். சரிவராவிட்டால் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.