மாப்பிள்ளையே ஜெயித்துக்கொண்டிருந்தால் பூல் மேசையில் என்ன செய்யலாம்?

கேள்வி: வணக்கமுங்க. நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வீட்டு மாடியில், ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளும் 8 அடி பூல் மேசை ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஐந்தாறு பேர் கூடிவிடுவோம். என் தங்கை வீட்டுக்காரர் கோவையில் கிளப்பில் ஆடிப் பழகியவர். அவர் ஸ்டிக்கைத் தொட்டால் மற்றவர்களுக்கு உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. அப்பாவும் சித்தப்பாவும் இப்போது மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். பகடை, சீட்டு என்று ஏதாவது சேர்த்து எல்லோருக்கும் ஜெயிக்க ஒரு வாய்ப்பு வருகிற மாதிரி ஆட முடியுமா? அதற்காக வெறும் குருட்டு அதிர்ஷ்டமாகவும் ஆகிவிடக் கூடாது. மாப்பிள்ளையும் நானும் வாரம் ஒருநாள் ஈரோட்டில் ஸ்னூக்கரும் ஆடுகிறோம். அதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்க.

பதில்: தாராளமாக முடியும். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளாமலும் முடியும்.

கிளப்புகளில் வழக்கமாகச் சொல்லும் வைத்தியம் வேறு. நன்றாக ஆடுகிறவர் மற்றவர்களுக்கு முன்கூட்டியே 20, 30 பாயிண்ட் விட்டுக்கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. இரண்டு நண்பர்களுக்குள் அது சரி. ஆனால் மருமகனிடம் 30 பாயிண்ட் இனாமாக வாங்கிக்கொண்டு ஆட எந்த மாமனாருக்கு மனசு வரும்? தோற்றால் ‘கொடுத்தும் தோற்றார்’, ஜெயித்தால் ‘கொடுத்ததால் ஜெயித்தார்’. பகடையோ சீட்டோ அப்படி யாரையும் கைகாட்டிச் சொல்லாது. அதனால் உங்கள் வீட்டுக்கு அதிர்ஷ்டத்தைச் சேர்ப்பதுதான் பொருத்தம்.

ஆனால் அதை எங்கே சேர்க்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பந்தைப் போட்ட பிறகு பகடையை உருட்டி, ஒற்றைப்படை விழுந்தால் பாயிண்ட் கிடையாது என்று ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டே ஃபிரேமில், அதாவது இரண்டே ஆட்டத்தில், எல்லோருக்கும் சலித்துவிடும். கஷ்டப்பட்டுப் போட்ட பந்தைப் பிடுங்கிக்கொண்டால் சித்தப்பாவுக்கும் எரிச்சல்தான் வரும். அதிர்ஷ்டம் ஷாட்டுக்கு முன்னால் வரவேண்டும். எந்தப் பந்து, எந்த நிறம், யாருக்கு எது வேண்டும் என்பதை அது முடிவு செய்யட்டும். அடித்து விழ வைப்பது கையின் வேலை. விழுந்ததற்குக் கணக்கு உண்டு, மறுபேச்சில்லை.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முதலில் சீட்டை வைத்து ஆடும் பூலைச் சொல்வேன். அமெரிக்காவில் மதுக்கடை மேசைகளில் பல வருடங்களாக இருக்கும் வகை இது. ஒரு சீட்டுக்கட்டில் ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டையும் கலைத்து, ஆளுக்கு ஐந்து சீட்டு கவிழ்த்துப் போடுங்கள். ஆஸ் 1, ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13. மற்றவை அந்தந்த எண். மேசையில் 15 பந்துகளையும் வழக்கம்போல அடுக்குங்கள். 14, 15 இரண்டும் யாருக்கும் சொந்தமில்லாத பந்துகள். அவற்றைப் போட்டால் இன்னொரு ஷாட் கிடைக்கும், அவ்வளவுதான். ஒரு பந்து விழுந்ததும், அந்த எண் சீட்டு யார் கையில் இருந்தாலும் அவர் அதைத் திறந்து கீழே போட்டுவிடலாம். யார் கையில் முதலில் சீட்டு தீருகிறதோ அவர் ஜெயித்தார்.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், கட்டில் ஒவ்வொரு எண்ணும் நான்கு முறை இருக்கிறது. ஆறு பேருக்கு ஐந்து ஐந்தாக 30 சீட்டு வெளியே வந்துவிடும். மாப்பிள்ளை தன் சீட்டுக்காக 7-ஐப் போடுவார். அப்பா கையில் இரண்டு ஏழு இருக்கும், சத்தமில்லாமல் இரண்டையும் இறக்கிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொள்வார். நன்றாக ஆடுகிறவர் போடப்போட மற்றவர்களின் கையும் காலியாகிறது. அதற்காக அவருடைய திறமை வீணாகவும் போகாது. யார் எந்தப் பந்தை ஆசையாகப் பார்க்கிறார்கள், யார் கையில் எத்தனை சீட்டு பாக்கி என்று கவனித்து, மற்றவர்களுக்கு வேண்டிய பந்தை மூலையில் பிற பந்துகளுக்குப் பின்னால் தள்ளி வைக்கலாம். கொஞ்ச நாளில் எல்லோருமே முகத்தை மறைத்து ஆடக் கற்றுக்கொள்வார்கள்.

தப்பு ஷாட் ஆடினால், அதாவது வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தாலோ எந்தப் பந்தையும் தொடாமல் போனாலோ, மீதிக் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த சீட்டின் பந்து ஏற்கெனவே விழுந்திருந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று. பிரேக்கிலேயே, அதாவது அடுக்கை உடைக்கும் முதல் ஷாட்டிலேயே, விழுந்த பந்துகளுக்கு என்ன செய்வது என்பதை முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள். அந்தச் சீட்டுகளையும் இறக்கிவிடலாம் என்பது என் கட்சி. ஐந்துக்குப் பதில் ஏழு சீட்டு கொடுத்தால் ஆட்டம் நீளும், திறமையின் பங்கு கூடும். மூன்று சீட்டு என்றால் கிட்டத்தட்டக் குலுக்கல்தான். ஆறு பேருக்கு ஏழேழு என்றால் 42 சீட்டு போய்விடும், அபராதத்துக்குப் பத்துதான் மிஞ்சும், ஆனாலும் போதும்.

இரண்டாவது, கெல்லி பூல். இதுவும் அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேலாக ஆடப்படுகிறது. அங்கே 1 முதல் 15 வரை எண் போட்ட சின்னக் குண்டுகளை ஒரு குடுவையில் போட்டுக் குலுக்கித் தருவார்கள். நம்மிடம் தம்போலா பெட்டி இருந்தால் அதிலிருந்து முதல் 15 காய்களை எடுத்து ஒரு சொம்பில் போட்டால் ஆயிற்று. ஆளுக்கொன்று எடுத்து, யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவருடைய பந்து. ஒவ்வொரு ஷாட்டிலும் வெள்ளைப் பந்து மேசையில் இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். அதன் பிறகு எந்தப் பந்து விழுந்தாலும் செல்லும். உங்கள் பந்தை நீங்களே போட்டால் ஜெயித்தீர்கள். அடுத்தவர் போட்டால் நீங்கள் அவுட், உடனே காயைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். எல்லோர் பந்தும் அடுத்தவர் கையால் போய்விட்டால் மறுபடி சொம்பைக் குலுக்க வேண்டியதுதான்.

ஆறு பேர் ஆடினால் ஒன்பது பந்துகளுக்குச் சொந்தக்காரரே கிடையாது. எதைப் போட்டு யாரை வெளியே தள்ளினோம் என்று போட்ட பிறகுதான் தெரியும். 1 அல்லது 2 கிடைத்தவருக்கு ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும், ஜெயமோ தோல்வியோ. யார் முதலில் அடிப்பது என்பதையும் அதனால் குலுக்கியே முடிவு செய்யுங்கள். மாப்பிள்ளைக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. சின்ன எண்ணைத் தொட்டு அதைக்கொண்டு வேறு பந்தைத் தள்ளும் ஷாட் அவருக்குத்தான் வரும். ஆனால் ஒரே பந்தை மறுபடி மறுபடி குறிவைத்தால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தடுப்பதற்கு மற்ற ஐந்து பேரும் கூட்டுச் சேர்ந்துகொள்வார்கள். சொந்தக்காரர்கள் கூடிய இடத்தில் அதைச் சொல்லியா தரவேண்டும்?

இனி ஈரோட்டு ஸ்னூக்கர். 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் பலர் கூடி ஆடும் பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டங்களைக் கலந்து உருவாக்கியது அது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு சேம்பர்லின். உங்கள் ஊரிலிருந்து சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறினால் வருகிற ஊட்டி கிளப்பில்தான் அதன் விதிகளை எழுதி மாட்டினார்கள். பிறந்தபோதே சோதனை முயற்சிதான். அதனால் உங்கள் வீட்டு விதி ஒன்றைச் சேர்ப்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஸ்னூக்கரில் சிவப்பைத் தவிர்த்து ஆறு நிறங்கள். மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. பகடைக்கும் ஆறு முகம். விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் நிறம் வந்துவிடும். சிவப்பைப் போட்ட பிறகு இஷ்டப்பட்ட நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில், பகடை சொல்லும் நிறத்தைத்தான் ஆட வேண்டும். அந்த நிறம் மறைந்திருந்தால் ஒரே ஒரு முறை மறுபடி உருட்டலாம். வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பைப் போட்டு மேசையைக் காலி செய்தால் 147. பகடையோடு அதே 15 சிவப்பையும் போட்டுக் காலி செய்தால் சராசரியாக 110-ஐ ஒட்டித்தான் வரும்.

பாயிண்ட் குறைவதை விடவும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. நல்ல ஆட்டக்காரரின் பலமே, சிவப்பை அடிக்கும்போது வெள்ளைப் பந்தை அடுத்த ஷாட்டுக்குத் தோதான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். சிவப்பு விழுந்த பிறகு பகடையை உருட்டினால், எங்கே நிறுத்துவது என்று அவருக்கே தெரியாது. நடுமேசையில் விட்டுவிட்டுச் சாமியைக் கும்பிட வேண்டியதுதான். உங்களுக்கோ வெள்ளை எப்படியும் அதன் இஷ்டத்துக்குத்தான் போகும், அதனால் பகடையால் நஷ்டமில்லை. இது அதிகமாகப் படுகிறதா? சிவப்பை அடிப்பதற்கு முன்பே உருட்டிக்கொள்ளுங்கள். அப்போது நிறம் தெரிந்துவிடும், திட்டம் போடலாம், திறமை மறுபடி மேலே வரும். ஒரே பகடை, உருட்டும் நேரத்தை மாற்றினால் போதும். முதல் நான்கு வாரம் பின்னால் உருட்டிப் பாருங்கள், நீங்கள் அடிக்கடி ஜெயிக்கத் தொடங்கிவிட்டால் முன்னால் உருட்டுங்கள்.

வீட்டில் அமுச்சியின் பித்தளைத் தாயக்கட்டை இருந்தால் இன்னும் ருசி. ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என்று நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். 2 முதல் 6 வரை விழுந்தால் அது அப்படியே நிறத்தின் பாயிண்ட், கூட்டல்கூட வேண்டாம். பன்னிரண்டு, அதாவது இரண்டும் வெறுமையாக, விழுந்தால் கறுப்பு. தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் இஷ்டப்பட்ட நிறம். 16-ல் பச்சை நான்கு முறை வரலாம், மஞ்சளும் பிரவுனும் மும்மூன்று, நீலம் இரண்டு, பிங்க் ஒன்று, பன்னிரண்டும் ஒன்றே ஒன்று. தாயம் இரண்டு. கறுப்பு அரிதாகிவிடுவதால் சராசரி இன்னும் கொஞ்சம் இறங்கி 105-க்கு வந்துவிடும். தாயம் விழுந்தால் இன்னொரு முறை உருட்டுவது நம் வழக்கம்தான், ஆனால் இங்கே அதைச் சேர்க்காதீர்கள், ஃபிரேம் முடியாது. நாமக்கல் பக்கத்தில் ஒரு கணக்கு, உங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு என்று சண்டை வந்தால் மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கட்டையோ பகடையோ மேசைத் துணியின் மேல் மட்டும் விழக்கூடாது. பித்தளை முனை பட்டால் துணி நூல் பிரியும். ஒரு தாம்பாளத்தில் துண்டு விரித்து, பக்கத்து ஸ்டூலில் வைத்து உருட்டுங்கள். சீட்டையும் மேசை விளிம்பில் பரப்பாதீர்கள். ஸ்டிக் முனையில் தேய்க்கும் சுண்ணத்தூள் ஒட்டினால் அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும், அப்புறம் மாப்பிள்ளைக்கு உங்கள் கையில் இருப்பதெல்லாம் தெரியும்.

பணம் வைத்து ஆடும் பேச்சு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் முழுக்கத் திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்குத் தருகிறது. பகடையைச் சேர்த்த பிறகு அந்தப் பேச்சு நிற்காது. மாடியில் டீ, போண்டா பந்தயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரோட்டில் ஆடும்போது பகடையை எடுப்பதற்கு முன் கிளப்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஸ்னூக்கர் மேசையில் பகடை உருளுவதைப் பார்த்தால் அவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்.

வருகிற ஞாயிறு சீட்டு ஆட்டத்தில் தொடங்குங்கள். அப்பாவை ஆட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம், சீட்டைக் கலைத்துப் போட மட்டும் ஆள் வேண்டும் என்று கூப்பிடுங்கள். கை சேர்ந்த பிறகு அவரே ஸ்டிக்கைக் கேட்பார்.