ஒரே சபை விசுவாசிகளுக்குள் ஆழமான அன்பு எப்படி உண்டாகும்?

பதினைந்து ஆண்டுகளாக ஒரே சபைக்குப் போகிறேன், ஆராதனை முடிந்து ஸ்தோத்திரம் சொல்வதற்கு மேல் யாரோடும் நெருக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி இருந்தவள்தான். தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம்) எட்டு ஆண்டுகள் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுந்து வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்டார்கள். "ஒரு விசேஷ காரியத்துக்காக" என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, சபையின் மூத்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து, "என்ன காரியம்மா?" என்று கேட்டார். என் கணவரின் வியாபாரம் நொடித்திருந்த நேரம். நகை முழுவதும் அடகில். கழுத்தில் கிடந்தது கவரிங். சொல்லிவிட்டேன். அக்கா வசனம் எதுவும் சொல்லவில்லை. "நானும் மூன்று வருஷம் கவரிங் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தேன்" என்றார். இருவரும் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதோம்.

அப்போஸ்தலர் 2:42-இல் ஆதி விசுவாசிகள் 'அந்நியோந்நியத்தில்' உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று வாசிக்கிறோம். கணவன் மனைவி நெருக்கத்துக்கு நாம் சொல்லும் அதே சொல். கிரேக்க மூலத்தில் அது கொய்னோனியா. லூக்கா 5:10-இல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் கூட்டாளிகள் என்று வருகிறதே, அதுவும் இதே வேரிலிருந்து பிறந்த சொல். மீன் தொழிலில் கூட்டாளி என்றால் வலை நிறைந்தாலும் வெறும் வலையாய்த் திரும்பினாலும் இருவருக்கும் பங்கு. நாமோ சாட்சி சொல்லும்போது நிறைந்த வலையை மட்டும் காட்டுகிறோம். வெறும் வலையை ஒருவரிடமாவது காட்டுங்கள். எல்லாரிடமும் வேண்டாம், ஒருவர் போதும்.

கேட்டவர் அதைக் காக்கவும் வேண்டும். இதில் நான் தவறியிருக்கிறேன். ஒரு சகோதரி தன் மகளின் திருமண வாழ்க்கை பற்றி என்னிடம் மட்டும் சொன்னதை, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாக எடுத்து வைத்தேன். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும் அது புறங்கூறுதலே. அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் நம் நற்கருணை முறைமையில் சமாதானம் கொடுக்கும் பகுதி உண்டு. கேரளத்துப் பழைய சிரியன் சபை வழக்கிலிருந்து எடுத்து, 1950-இல் வந்த முறைமையில் சேர்த்தார்கள். ஒருவர் உள்ளங்கையோடு மற்றவர் உள்ளங்கை சேர, இடது கை மேலே மூடும். அந்த மாத நற்கருணை ஞாயிறு வரும்போது என் கையை யாரிடம் நீட்டுவது என்று முன்னதாகவே நினைத்தபோது உடல் கூசியது. முந்தைய நாள் மாலையே அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உடனே சரியாகவில்லை, ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது.

இன்னொன்று: வீட்டில் சேர்ந்து சாப்பிடுங்கள். சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இலேயே கட்டளை அனுப்பினார். இன்றும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பருகிவிட்டு, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொந்தச் சாதியாரை மட்டும் அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது எனக்குத் தாங்காத வேதனை. நீங்கள் யாரை இதுவரை வீட்டுக்கு அழைக்கவில்லையோ, அவர்களிலிருந்து தொடங்குங்கள். விருந்து வேண்டாம், ரசமும் அப்பளமும் போதும்.

அந்த அக்காவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. வெள்ளிதோறும் போய்ச் சங்கீதம் வாசிக்கிறேன். முதல் வரியை நான் தொடங்கினால், மீதியை அவரே சொல்லி முடித்துவிடுகிறார். பிறகு என் முகத்தைத் தடவிப் பார்த்து, "இன்றைக்கு என்ன காரியம்மா?" என்கிறார்.