பழைய ஜீப்பின் தரைத் தகடும் சக்கர வளைவும் துருப்பிடித்துவிட்டன. மேலே தகடு வைத்து வெல்டிங் செய்தால் போதுமா?

போதாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் தங்கி, முன்பைவிட வேகமாக அரித்துவிடும். வெட்டித்தான் மாற்ற வேண்டும்.

சீட், மேட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பாக இருக்கிற இடத்திலும் முனை பொதுக்கென்று உள்ளே போகும். நல்ல இரும்பு கிடைக்கும் வரை வெட்டுங்கள், இதில் தயக்கமே கூடாது. மெலிந்த விளிம்பில் வெல்டிங் நிற்காது, ஓட்டைதான் பெரிதாகும்.

தரைக்கு 1.2 மி.மீ. தகடு சரியாக இருக்கும். மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகி இணைக்கும் மின் வெல்டிங்) ஒரே இழுப்பாக இழுக்காமல், தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து ஆறவிட்டு இணையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

சக்கர வளைவில் உள்தகடும் வெளித்தகடும் சேரும் மடிப்பில்தான் சேறு தங்கும், துரு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். வெளித்தகட்டை மட்டும் மாற்றுவது வீண்வேலை. மூடும் முன் மடிப்புக்குள் வெல்டிங் தாங்கும் துத்தநாக பிரைமர், முடிந்தபின் இணைப்புகளை அடைக்கும் பசையான சீம் சீலர், உள்ளறைகளுக்கு மெழுகு ஸ்பிரே.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் தரைக்கடியில் எங்கே ஓடுகின்றன என்று குனிந்து பார்த்துவிட்டே தீப்பொறி பறக்க விடுங்கள்.