பனி கொட்டிய நாளுக்குப் பணம் திரும்புமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். ஜனவரியில் குடும்பத்தோடு மணாலி போனோம். அடல் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் சிஸ்ஸு கிராமத்தில் இரண்டு ராத்திரி தங்குவதும் பேக்கேஜில் சேர்த்தி. அன்று கடும் பனி. சோலாங் அருகே போலீஸ் எங்கள் காரைத் திருப்பிவிட்டது. மணாலியில் கைக்காசு போட்டு ரூம் எடுத்தோம். "இயற்கைச் சீற்றம், பணம் வராது, அடுத்த வருஷத்துக்குக் கூப்பன் தர்றேன்" என்கிறார் ஏஜென்ட். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வாங்காதீர்கள். கூப்பனோடு, 'கணக்கு முடிந்தது, ஓகே போடுங்க சார்' என்று ஒரு வாட்ஸ்அப் வரும். ஓகே போட்டால், நாளைக்கு நீங்கள் கேஸ் போடும்போது அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். அடுத்த வருஷம் அந்த ஆபீஸ் அதே மாடியில் இருக்குமா என்பது வேறு விஷயம்.

பனி பெய்ததற்கு ஏஜென்ட் பொறுப்பில்லை, சரி. ஆனால் தராத தங்கலுக்கு வாங்கிய பணம் அவருடையது ஆகிவிடாது. நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 65-வது பிரிவில் சொல்கிறது. சிஸ்ஸுவில் தங்க இடம் தரும் வீட்டுக்காரரிடம் கட்டிவிட்டேன் என்று ஏஜென்ட் சொன்னால், ரசீதைக் காட்டட்டும்.

ஒன்றை மட்டும் நன்றாக ஞாபகப்படுத்திப் பாருங்கள். போலீஸ் அன்று எல்லா வண்டியையும் நிறுத்தியதா, உங்கள் மாதிரி கார்களை மட்டுமா? அங்கே பனி விழுந்தால் பல நாள் ஃபோர்-வீல் டிரைவ் வண்டியையும் டயரில் சங்கிலி கட்டிய வண்டியையும் விடுவார்கள், சாதாரணக் காரைத் திருப்புவார்கள். அப்படி நடந்திருந்தால் இதில் இயற்கையை இழுக்க வேண்டியதே இல்லை. ஜனவரியில் சிஸ்ஸு இருக்கும் லாஹௌல் பகுதியில் பனி விழும் என்று தெரிந்தே சின்னக் காரை அனுப்பியது சேவைக் குறைபாடு. மணாலி ரூம் வாடகையும் நஷ்ட ஈடும் சேர்த்துக் கேட்கலாம். சாலையையே மூடியிருந்தால் தங்கல் பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு வண்டி தயாராக இருந்தும், குழந்தைகளோடு பயமாக இருக்கிறது என்று நீங்களே திரும்பியிருந்தால் கேஸ் வலுவில்லை. அன்றைய செய்தி, போலீஸ் அறிவிப்பு, வழியில் எடுத்த போட்டோ, டிரைவர் நம்பர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஏஜென்ட் டெல்லிக்காரராகவே இருக்கட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடலாம். கெடு 2 வருஷம். பேக்கேஜ் பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இது தெரியாதவர்களை நம்பித்தான் பாரிமுனைப் பக்கம் சிலர் பிழைக்கிறார்கள். "நோட்டீஸ், ஃபைலிங் எல்லாம் நான் பாத்துக்கறேன், வர்றதுல பாதி" என்று காபி வாங்கித் தருவார்கள். குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அசல் ரசீது மட்டும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் யாரும் வாய்தாவுக்கு அலைந்தவர்கள் இல்லை போலும். அதனால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் கொடுங்கள், சில ஏஜென்ட்கள் அதற்கே இறங்கி வருவார்கள்.

அதற்கு முன்பு, இன்றைக்கே ஏஜென்ட்டுக்கு எழுதுங்கள்: கூப்பன் வேண்டாம், சிஸ்ஸு தங்கல் பணத்தை 15 நாளில் கணக்கில் போடவும். போனில் கூப்பிட்டுப் பேசினால், பேசியதை அப்படியே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.