பீக்கோ ஏன் துண்டு நிற்கவில்லை? பிலிப்பைன்ஸ் இனிப்புகள் கேள்வி பதில்

மணிலாவை ஒட்டிய கெசோன் சிட்டியில் 11 வருடம் குடியிருந்தேன். இந்தப் பலகாரங்களை எனக்குக் கற்றுத் தந்தவர் கீழ்வீட்டு லோலா. லோலா என்றால் பாட்டி. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஒட்டும் அரிசியைத் தேங்காய்ப்பால் பாகில் கிளறும் பீக்கோ செய்தேன். சர்க்கரைப் பொங்கல் மாதிரி குழைந்துவிட்டது, வெட்டினால் துண்டு நிற்கவில்லை.

பதில்: என்ன அரிசி போட்டீர்கள்? சாதாரணப் பச்சரிசி என்றால் கதை அதோடு முடிந்தது. பீக்கோவுக்கு மலாக்கிட் என்னும் ஒட்டும் அரிசிதான் வேண்டும். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் புளூட் அரிசி என்று கேட்டு வாங்குங்கள்.

சரியான அரிசி போட்டும் குழைந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். 2 கப் அரிசிக்கு 2 கப்புக்குச் சற்றுக் குறைவாகவே தண்ணீர் வையுங்கள். பருக்கையின் நடுவில் லேசான விறைப்பு இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். தனிச் சட்டியில் 2 கப் கெட்டித் தேங்காய்ப்பால், ஒன்றரைக் கப் நாட்டுச்சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. இது கொதித்துத் தேன் பதத்துக்கு வந்த பிறகுதான் சோற்றைக் கொட்ட வேண்டும். பால் தண்ணியாக இருக்கும்போதே கொட்டிவிடுவதுதான் பலரும் செய்கிற தப்பு. நானும் முதல் மூன்று தடவை அதைத்தான் செய்தேன். அப்புறம் கிளறல். கை வலிக்கும், வலிக்கட்டும். எல்லாம் ஒரே உருண்டையாகத் திரண்டு சட்டியின் ஓரத்தை விட்டு வரவேண்டும். வாட்டிய வாழையிலையில் கொட்டித் தட்டி, முழுக்க ஆறவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும்.

கேள்வி: மேலே தூவும் லாத்திக் எனக்குக் கருகிக் கசக்கிறது. சிலரோ லாத்திக் என்று ஒரு பாகைச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. விசயாஸ் தீவுகளில் லாத்திக் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகு. வடக்கே லூசோன் தீவில், நீங்கள் செய்த பொரிந்த திப்பிதான். வீட்டில் உருக்கெண்ணெய் காய்ச்சினால் அடியில் தங்குமே, அதேதான் இது. முதல் பாலை மட்டும் அடிகனமான சட்டியில் சிறு தீயில் வையுங்கள். முதலில் கெட்டியாகும், பிறகு திரிதிரியாகப் பிரியும், எண்ணெய் மேலே வரும். திப்பி வெளிர்பொன் நிறமானதும் வடித்துவிடுங்கள். பழுப்பாகட்டும் என்று காத்திருந்தால், இறக்கிய பிறகும் எண்ணெய்ச் சூட்டில் அது கருகிக்கொண்டே போகும். வடித்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், பீக்கோ தட்டும் இலையில் தடவலாம்.

கேள்வி: சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

பதில்: கொஞ்சம் குறைக்கலாம். பாதி என்றால் பாகு கெட்டியாகாது, பலகாரமும் சீக்கிரம் கெட்டுவிடும். அதற்குச் சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிடுவதே மேல்.

கேள்வி: அரிசிமாவில் அவிக்கும் குட்சிந்தாவில் சோப்பு வாடை வருகிறது.

பதில்: லிஹியா, அதாவது காரநீர், கூடிவிட்டது. குட்சிந்தாவின் அந்தச் சவ்வுத்தன்மைக்கு அது வேண்டும்தான், ஆனால் ஒரு கப் மாவுக்கு அரை டீஸ்பூன் போதும். சாப்பாட்டுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். மாவில் கலக்கும் முன் கையில் படவிடாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஊபே ஹலாயாவுக்கு எங்கள் இராசவள்ளிக்கிழங்கு சரிவருமா?

பதில்: சரிவருமா என்று கேட்கவே வேண்டாம், ஊபே என்பதே அந்தக் கிழங்குதான்! நீங்கள் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் கூழாகக் காய்ச்சுகிறீர்கள். அவர்கள் அவித்துத் துருவி, வெண்ணெயும் டின்பாலும் சேர்த்து அல்வா மாதிரி இறுகக் கிண்டுகிறார்கள். நிறம் வெளிறி இருந்தால் கவலைப்படாதீர்கள். கடையில் கிடைக்கும் அடர் ஊதா பெரும்பாலும் எசன்ஸ் தரும் நிறம்.

கேள்வி: லெச்சே ஃப்ளான் என்னும் முட்டைப் புட்டிங்கில் ஓட்டை ஓட்டையாக வருகிறது.

பதில்: தீ அதிகம். 10 மஞ்சள் கருவுக்கு ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், ஒரு டின் எவாபரேட்டட் மில்க். நுரை எழ அடிக்காமல் மெதுவாகக் கலக்கி, வடிகட்டி ஊற்றுங்கள். அச்சை மூடி, தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் சிறு தீயில் அவியுங்கள்.

கேள்வி: மண் அடுப்பு இல்லாமல் பிபிங்கா என்னும் அரிசிமாவு கேக் செய்ய முடியுமா?

பதில்: முடியும். கிறிஸ்துமஸுக்கு முன், டிசம்பர் 16 முதல் 24 வரை மாதாகோயில்களில் விடியற்காலைப் பூசை நடக்கும், சிம்பாங் கபி என்பார்கள். அப்போது கோயில் வாசலில் மண்சட்டிக்குக் கீழும் மேலும் கரி வைத்துச் சுடுவார்கள். அந்தப் புகைவாசம் வீட்டில் வராது. அவனில் 190 டிகிரியில், வாட்டிய வாழையிலை விரித்த தட்டில் சுடுங்கள். பாதி வெந்ததும் உப்பு வாத்துமுட்டைத் துண்டுகளும் சீஸும் வையுங்கள். கடைசி இரண்டு நிமிடம் மேல்சூடு கொடுத்தால் இலையின் ஓரம் கருகும். அந்த வாசனைதான் பாதி பிபிங்கா. இறக்கியதும் வெண்ணெய் தடவி, தேங்காய்த்துருவல் தூவிச் சூடாகவே சாப்பிடுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு சேர்ந்து செய்ய எது எளிது?

பதில்: பலித்தாவ். ஒட்டரிசி மாவைப் பிசைந்து, நாக்கு வடிவில் தட்டி, கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். முதலில் மூழ்கும், வெந்ததும் தானாக மிதந்து வரும். லித்தாவ் என்றால் மேலே வருவது. பெயரே அதிலிருந்து வந்ததுதான். எடுத்துத் தேங்காய்த்துருவலில் புரட்டி, வறுத்த எள்ளும் சர்க்கரையும் தூவுங்கள். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் கல்.