ஐ.நா. ஒப்பந்தத்தால் குளச்சல் பிள்ளைக்கு என்ன பயன்?
"எங்கேயோ நாடுகள் கூடிப் போடும் ஒப்பந்தம் குளச்சலில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஒப்பந்தம் நேராக வந்து காப்பாற்றாது. சட்டமாக மாறித்தான் வரும். 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றதை, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் முகவுரையிலேயே சொல்கிறது.

அந்தச் சட்டப்படி, பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையிடம், அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் எஸ்.ஐ. ஒருவர், யூனிஃபார்ம் இல்லாமல் வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். போலீஸ் ஜீப் நின்றாலே தெருவே கூடிவிடும் கடற்கரை ஊரில் இது சின்ன விஷயமா? தெரிந்தும் ‘குடும்ப மானம்’ என்று மூடி மறைப்பதும் குற்றம்.

அப்புறம், வீட்டு அடி. ஸ்வீடன் 1979-லேயே தடை செய்துவிட்டது. நாம் பள்ளி அடியைத்தான் 2009-இல் தடுத்தோம். ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யாரும் இலவசமாக அழைக்கலாம்.